ஐந்து வார்த்தைக்குக் குறையாமல்

அந்த வீட்டில் யாரும் எதற்கும் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. கோபம் என்றால் கோபம். பேசவில்லை என்றால் பேசவில்லை. ஏன் என்று கேட்டவர்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி முழிக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில்தான் சின்னவள் வெர்ஷன் கன்ட்ரோலைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் துணிச்சல் அதிகம் என்று சொல்லலாம். யோசனை குறைவு என்றும் சொல்லலாம்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் தையல் மெஷினுக்கான உதிரி பாகங்கள். ஊசி, பாபின், பெல்ட், பல்சக்கரம், பெயர் தெரியாத சின்னச் சின்ன ஸ்பிரிங். கம்பெனியே கைவிட்டுவிட்ட பழைய மெஷின்களுக்கும் இங்கே பாகம் கிடைக்கும். வாசல் வழியாக வருகிறவர்கள் ஒரு நாளைக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் எல்லாரும் வெப்சைட் வழியாகத்தான் வருவார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பாகங்கள், எது எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்ற விவரத்தோடு அதில் இருந்தன. கடைக்குச் சொந்தக்காரி பெரியவள். அவளுடைய கணவர் பாகங்களைப் படம் எடுப்பார், பார்சல் கட்டுவார். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த வெப்சைட்டை எழுதி, அன்றிலிருந்து பின்னறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பெரியவளின் தங்கை சின்னவள். இரண்டு பேருக்கும் பதினோரு வயது வித்தியாசம்.

தங்கைக்கு வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். இரண்டு மாதத்தில் சேர வேண்டும். அதைச் சொன்ன அன்று பெரியவள் ஊசிப் பெட்டிகளை நம்பர் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள். பதினாலாம் நம்பர் பெட்டியைப் பதினாறுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். பிறகு அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமா, வருத்தமா, சந்தோஷமா, ஒன்றும் தெரியவில்லை. சின்னவள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. மாலை வேண்டாம், கண்ணீர் வேண்டாம். அக்கா வாயால் "போயிட்டு வா" என்று ஒரு சொல் வர வேண்டும். அது வராமல் பஸ் ஏறினால் அந்த ஊரில் தனக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. கேட்டு வாங்கினால் அது வேறு சொல்.

சொல் வருகிறபோது வரட்டும், அதுவரை வீட்டை ஒழுங்குபண்ணி வைப்போம் என்று இரண்டு ஏற்பாடு செய்தாள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று அத்தானுக்கு.

அக்காவுக்கு வெர்ஷன் கன்ட்ரோல். பெயர்தான் பெரிசு, விஷயம் ஒரு பதிவேடுதான். வெப்சைட்டின் நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். தப்பாகிவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். அது கடையின் சர்வரில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கும். இடி விழுந்தாலும் ஒன்று மிஞ்சும். பெரியவள் கை வேகமான கை. வெப்சைட்டின் வாசகங்களை அதுவரை நேராகவே மாற்றிக்கொண்டிருந்தாள், ஓடுகிற மெஷினில் கையை விடுகிற மாதிரி. இனிமேல் பதிவேடு வழியாகத்தான் என்று சின்னவள் சொன்னதும், மூன்று நாளில் எல்லாம் பிடித்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர.

"இது என்னடி கேக்குது?"

"என்ன மாத்தின, ஏன் மாத்தினன்னு எழுதணும்க்கா. எழுதினாத்தான் உள்ள விடும்."

"என் கடை. நான் மாத்துறேன். இதுகிட்ட எதுக்கு நான் சொல்லணும்?"

"ஆறு மாசம் கழிச்சு உனக்கே மறந்துபோயிடும்."

"நான் எதை மறந்திருக்கேன்?"

அது உண்மைதான். சின்னவள் ஏழாம் வகுப்பில் உடைத்த கண்ணாடி டம்ளர்கூட பெரியவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

முதல் பதிவில் பெரியவள் எழுதியது: "மாத்தினேன்." இரண்டாவது: "மறுபடியும்." மூன்றாவதில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. நான்காவது: "அதான்." ஒருத்தி எழுதும் ஒவ்வொரு பதிவும் மற்றவளின் போனுக்கு டிங் என்ற சத்தத்தோடு வந்து சேரும். பின்னறையில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்த சின்னவள் பொறுமை இழந்து ஒரு விதி போட்டாள். ஐந்து வார்த்தைக்குக் குறைவாக எழுதினால் பதிவேடு ஏற்றுக்கொள்ளாது. "காரணத்தைச் சொல்லவும். ஐந்து வார்த்தைக்குக் குறையாமல்" என்று சிவப்பு எழுத்தில் காட்டும்.

மறுநாள் காலையில் டிங் என்றது. "மாத்தினேன் மாத்தினேன் மாத்தினேன் மாத்தினேன் மாத்தினேன்."

சின்னவள் எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான். விதிப்படி குற்றமில்லை.

அத்தானுக்குக் கொடுத்தது பேக்கப். பாகங்களின் படங்கள் ஏகப்பட்டவை, அவற்றைப் பதிவேட்டில் வைக்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு சர்வரில் உள்ளதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். சின்னவள் ஒரு தாளில் நாலே நாலு வரி எழுதிச் சுவரில் ஒட்டினாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடு. ஜிப் செய். இறக்கிக்கொள். இறக்கியதும் சர்வரில் உள்ள ஜிப்பை அழி.

அத்தான் நேரம் தவறாத மனிதர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உட்காருவார். முடிந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு, "பேக்கப் ஆச்சு" என்று எழுதி, கையெழுத்தும் போடுவார். யாரிடமும் காட்டுவதற்காக அல்ல, கையெழுத்து இல்லாத காரியத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நாலாவது வரியில் அவருக்கு ஒரு சங்கடம். அவர் பார்சல் பிரித்த தாளையும் நீவி மடித்து வைப்பவர். உடைந்த பல்சக்கரங்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பவர். பத்திரப்படுத்தச் சொன்ன கையோடு அழிக்கச் சொன்னால் எப்படி? ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லையே. எனவே அழிக்கவில்லை. மூட்டைக்கு 'பத்திரம் 1' என்று பெயர் வைத்து அங்கேயே விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தபோது பத்திரம் 1-ம் அதில் சேர்ந்தது. பத்திரம் 2-ன் வயிற்றுக்குள் பத்திரம் 1. பத்திரம் 3-ன் வயிற்றுக்குள் இரண்டும். இரண்டாவது வாரத்தோடு, இறக்க நேரமாகிறது என்று மூன்றாவது வரியையும் விட்டுவிட்டார்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "நம்ம சைட் என்னமா வளருது பாரு."

பெரியவளுக்கு முகம் மலர்ந்தது. சின்னவள் அந்த நேரம் புது ஊரில் தங்குவதற்கு இடம் தேடிப் போனில் கண்ணை வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "நல்லது அத்தான்" என்றாள். பின்னால் யார் மேல் தப்பு என்ற பேச்சு வந்தபோது இந்த இரண்டு வார்த்தையை அவளே எடுத்து முன்னால் வைத்தாள். அந்த நேர்மையை அவளிடம் பாராட்டத்தான் வேண்டும்.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சின்னவளுக்குப் பஸ். ஒரு பையின் ஜிப் பிய்ந்துபோய், புதுப் பை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அத்தான் ஒன்பதாவது மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டு, பார்சல் அனுப்பக் கிளம்பிப் போனார். மூட்டை பாதி கட்டுவதற்குள் சர்வரில் இடம் தீர்ந்தது. இடம் தீர்ந்ததும் ஆர்டர் ஏறுவது நின்றது. நாலரை மணிக்கு ஒரு தையல்காரம்மா போன் பண்ணி, "பெல்ட்டுக்கு ஆர்டர் போட்டா சுத்திக்கிட்டே இருக்குங்க. சுத்திச் சுத்தி எனக்கே தலை சுத்துது" என்றார்.

பெரியவள் பின்னறைக்கு வந்து உட்கார்ந்து சர்வரைத் திறந்தாள். 'இடம் இல்லை' என்று சிவப்பாகக் காட்டியது. இடம் இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிராயர் நிறைந்துபோனால் வேண்டாததை எடுத்துப் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளே பார்த்தாள். 'பத்திரம்' என்ற பெயரில் ஒன்பது மூட்டை. பத்திரம் என்று கணவர் எழுதி வைத்திருப்பதில் கை வைக்க முடியுமா? அடுத்து 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர். புதுசை யாராவது அழிப்பார்களா? அதற்கும் கீழே 'பழசு' என்று ஒன்று.

உலகத்தில் யாரைக் கேட்டாலும் பழசைத்தான் அழிப்பார்கள்.

இந்தப் பழசின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் சின்னவள் வெப்சைட்டைப் புதிதாக எழுதலாம் என்று இறங்கினாள். ஓடிக்கொண்டிருந்ததைப் 'பழசு' என்ற ஃபோல்டரில் போட்டு அங்கிருந்தே ஓடவிட்டாள். 'புதுசு' என்று இன்னொன்று ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் முக்கால்வாசி எழுதினாள். அதில் "இங்கே ஏதாவது நல்லதாக எழுத வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அதற்குள் ஆர்டர்கள் குவிந்து வேலை வந்துவிட்டது. ஐந்து வருடமாகக் கடை பழசிலிருந்துதான் ஓடுகிறது. புதுசில் அந்த ஒரு வரியைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. இது சின்னவளுக்கு மட்டும் தெரியும். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை.

பதிவேடு வழியாகச் செய்திருந்தால் அது காரணம் கேட்டிருக்கும். சர்வர் காரணமெல்லாம் கேட்காது. "நிச்சயமாக அழிக்கவா?" என்று மட்டும் கேட்டது. பெரியவளிடம் போய் நிச்சயமா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

சின்னவள் புதுப் பையோடு திரும்பியபோது பெரியவள் கல்லாவுக்குப் பின்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை சும்மா இருந்து சின்னவள் பார்த்ததே இல்லை.

"என்னக்கா?"

"எல்லாம் போயிடுச்சு."

"எது எல்லாம்?"

"கடை. வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே வரல."

"எதை அழிச்ச?"

"பழசை."

சின்னவள் பையைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா?" அந்த வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி அவளை மீறி வாயிலிருந்து வந்துவிட்டது.

பெரியவள் கல்லாவின் மூலையை விரலால் தேய்த்தாள்.

"நாளைக்கு நீ போயிடுவ. உன்னைக் கூப்பிடாம நானே சரி பண்ணிடுவேனான்னு பாத்தேன்" என்றாள். பிறகு குரல் இறங்கி, "நாளைக்கு பஸ்ஸை விட்டுடுவியா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் பயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று சின்னவளால் பிரிக்க முடியவில்லை. 'விட்டுடுறேன்க்கா' என்று சொல்லிவிடலாம் போல ஒரு நிமிஷம் அவளுக்கே இருந்தது. சொன்னால் எல்லாம் சுலபம். பையைத் திருப்பிக் கொடுக்கலாம். எட்டு வருடம் இன்னும் எட்டு வருடமாகும். அந்த நிமிஷத்தை நினைத்தால் பின்னாளில்கூட அவளுக்குப் பகீரென்று இருக்கும்.

"எந்திரிக்கா. வந்து உக்காரு. நீயே திரும்பக் கொண்டு வா."

"நானா?"

"நீதான். நான் கைய வைக்க மாட்டேன்."

பெரியவள் பின்னறையில் உட்கார்ந்தாள். சின்னவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் எதையும் தொட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் கட்டிக்கொண்டாள். முதலில் பாதியில் நின்ற ஒன்பதாவது மூட்டையை அழித்து இடம் பண்ணினார்கள். பிறகு பதிவேட்டிலிருந்து நிரலை இறக்கினார்கள். பெரியவள் இரண்டு மாதமாக எழுதிய "மாத்தினேன்"களும் "அதான்"களும் ஒவ்வொன்றாக அதில் இருந்தன. பதினோரு நிமிடத்தில் கடையின் முகம் திரும்ப வந்தது. பாகங்களின் பட்டியல் டேட்டாபேஸில் தனியாக இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படங்கள் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மூவாயிரம் காலிக் கட்டங்கள்.

அப்போதுதான் அத்தான் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்துவந்து நீட்டினார்.

"கடைசி ரெண்டு வரியையும் பண்ணலம்மா" என்றார். "இறக்க நேரமாச்சு, அழிக்க மனசு வரல."

சின்னவள் அப்போதுதான் மூட்டைகளின் அளவைக் கவனித்தாள். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. சைட் எப்படி வளர்ந்தது என்று புரிந்துபோனது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். எட்டாவது மூட்டை முழுசாக இருந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். கழுத்தை நெரித்த மூட்டையிடமே போய்ப் படத்தைக் கேட்க வேண்டிய நிலை. கேட்டார்கள், கொடுத்தது. போன ஒரு வாரத்தில் எடுத்த பன்னிரண்டு படங்கள் மட்டும் இல்லை. அத்தான் அப்போதே பன்னிரண்டு பாகங்களையும் வெள்ளைத் துணியில் வைத்துத் திரும்பப் படம் எடுத்தார்.

ஆறு மணிக்குத் தையல்காரம்மாவின் பெல்ட் ஆர்டர் ஏறியது. மூட்டைகளில் எட்டாவதை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கி, திறந்து பார்த்து உறுதி பண்ணிக்கொண்டு, சர்வரில் இருந்த எட்டையும் அத்தானே அழித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். நோட்டில் "அழிச்சாச்சு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். பெரியவள் கடைசியாக ஃபோல்டரின் பெயரை மாற்றினாள். பதிவேடு காரணம் கேட்டது. சின்னவளின் போன் டிங் என்றது.

"பழசுன்னு இருந்ததைக் கடைன்னு மாத்தினேன். ஏன்னா அதுதான் கடை."

"நல்லா எழுதியிருக்கக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்துபோய் ஷட்டரை இறக்கினாள். 'போயிட்டு வா' இன்னும் வரவில்லை.

காலையில் ஆறு மணிக்கே பெரியவள் கடையைத் திறந்து ஊசிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. சின்னவள் புதுப் பையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றாள்.

"வரேன்க்கா."

"ம்."

அவ்வளவுதான். அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். "உங்கக்காவுக்கு ஊசி அடுக்குற வேலை இருக்கும்மா" என்றார். அந்த ஊசிகள் இரண்டு மாதமாக அடுக்கியபடிதான் இருந்தன என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பஸ் ஊரைத் தாண்டும்போது டிங் என்றது. பெரியவள் 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் கை வைத்திருந்தாள். அங்கே 'சைட்டில் சந்தேகம் இருந்தால்' என்பதற்கு நேரே எட்டு வருடமாகச் சின்னவளின் பெயரும் நம்பரும் இருந்தன.

"தங்கச்சி பேரை எடுத்துட்டேன். ஏன்னா அவ இனிமே இங்க இல்ல."

எடுக்க வேண்டிய பெயர்தான். சின்னவளே எடுத்திருக்க வேண்டும், மறந்துவிட்டாள். ஆனாலும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே. போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் டிங்.

"போன தடவை மாத்தினதைத் திருப்பிட்டேன். ஏன்னா பேர் இல்லாம அந்தப் பக்கத்தைப் பாக்க முடியல."

சின்னவள் அதை மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படிக்கும்போது மூன்றாவது டிங் வந்தது. என்ன மாறியிருக்கிறது என்று திறந்தாள். பக்கத்தின் அடியில் ஒரு காலி வரி சேர்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை. வாசகம் இல்லை, எண் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கீழே காரணம் இருந்தது.

"ஒரு காலி வரி சேர்த்தேன். ஏன்னா எதையாவது மாத்தினாத்தான் இது எழுத விடுது. காலைல சொல்ல வாய் வரலடி. பத்திரமா போயிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு. நீ இல்லாம கடை ஓடும். எனக்குத்தான் எப்படின்னு தெரியல."

பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்குச் சின்னவள் அழுதாள். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அக்காவின் காலி வரிக்குக் கீழே தானும் ஒரு காலி வரி சேர்த்தாள். காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: "சரிக்கா."

பதிவேடு ஏற்றுக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்லவும், ஐந்து வார்த்தைக்குக் குறையாமல் என்று சிவப்பில் காட்டியது. அவள் போட்ட விதிதான்.

எட்டு வருடத்தில் சொல்லாததையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சின்னவள் யோசித்தாள். பஸ் ஒரு பாலத்தைத் தாண்டியது. விரல் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. கடைசியில் டைப் பண்ணி அனுப்பினாள்.

கடையில் பெரியவளின் போன் டிங் என்றது. பதினாறாம் நம்பர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

"சரிக்கா சரிக்கா சரிக்கா சரிக்கா சரிக்கா."

பெரியவள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து இருந்தது.